தலைமன்னாரில் தவறவிட்ட கப்பல்

முப்பிடாதிக்குக் கோபம் வந்தால் சிரிப்பாள். சங்கரன்கோவில் டெலிபோன் எக்சேஞ்சில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். டிரங்க் கால் கேட்டவர்கள் வாய்க்கு வந்தபடி கத்துவார்கள். இவள் "லைன் கெடச்சதும் கூப்பிடுதேன் சார்" என்று சிரித்த குரலில் சொல்வாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் ஓங்கி வைப்பாள். ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களையெல்லாம் சேர்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அவள் வேலை. அப்படிப்பட்டவளுக்குத் தன் புருஷனோடு பேச ஒரு லைன் கிடைக்கவில்லை என்பதுதான் எண்பதாம் வருஷத்தில் அவளுக்கு இருந்த ஒரே குறை.

வாசுதேவநல்லூரில் பிறந்த பெண். தை மாதம் கல்யாணமாகி சங்கரபாண்டி வீட்டுக்கு வந்தாள். அது பவர்லூம் வீடு. முன்கட்டில் தறிகள், பின்கட்டில் மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், ஒரு நாத்தனார், நூல் பொதிகள். தறி ஓடினால் பக்கத்தில் நின்று பேசுவதுகூடக் கேட்காது. தறி நின்றால் எந்த மூலையில் பேசினாலும் வீடு முழுக்கக் கேட்கும். புதுத் தம்பதிக்கென்று பலகைத் தடுப்பு வைத்து ஓர் அறை கொடுத்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமனார் இருமினால் இந்தப் பக்கம் கட்டில் ஆடும். சங்கரபாண்டி நல்லவனா, முசுடா, ஊமையா, அவனுக்கு என்ன பிடிக்கும் என்பதையெல்லாம் அவள் ஊகத்தில்தான் வைத்திருந்தாள். சண்டை போட்டாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், சண்டை போடவும் அங்கே இடமில்லை.

அதனால் ஒருநாள் சாயங்காலம் எக்சேஞ்சு வாசலுக்கு சைக்கிளில் வந்து அவன் "ஹனிமூன் போவோமாட்டி?" என்று கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"கொடைக்கானலா?"

"கொடைக்கானலுக்கு எல்லாரும்தான் போறாங்க. லாட்ஜிக்காரன் தோலை உரிச்சிருவான். அங்க குளிருக்குக் கம்பளிச் சட்டை வேற வாங்கணும். நாம ஃபாரின் போவோம்."

ஃபாரின் என்று அவன் சொன்னது சிலோன். ராமேசுவரம் வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அப்புறம் கொழும்புக்கு ரயில். எல்லாம் சேர்த்தாலும் கொடைக்கானல் லாட்ஜை விடக் குறைச்சல் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். கொழும்பில் தங்கவும் சாப்பிடவும் செலவே இல்லை. அவனுடைய சித்தப்பா ஆறுமுகச்சாமி அங்கே நாலாம் குறுக்குத் தெருவில் மிளகாய்வத்தல் மண்டி வைத்திருந்தார். அங்கேதான் முப்பிடாதிக்கு லேசாக உதைத்தது. ஆனாலும் கடலைத் தாண்டிப் போகிற சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

முதல் தொல்லை வீட்டிலேயே தொடங்கியது. ஹனிமூன் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது? சங்கரபாண்டி "சித்தப்பாவப் பாத்து ஆசீர்வாதம் வாங்கிட்டு வாரோம்மா" என்றான். மாமியார் முருகம்மாள் நெகிழ்ந்துபோனாள். நெகிழ்ந்த கையோடு தன் கொழுந்தன் ஆறுமுகச்சாமிக்குக் கொடுத்துவிட முறுக்கு டின், கூழ்வத்தல், ஊறுகாய், பித்தளைக் குத்துவிளக்கு என்று அடுக்க ஆரம்பித்தாள். கடைசியாகக் கோயிலிலிருந்து ஒரு பை நிறையப் புற்றுமண். சங்கரன்கோவில்காரர்களுக்கு அது பிரசாதம். உடம்புக்கு எது வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுவார்கள், தண்ணீரில் போட்டுக் குடிப்பார்கள்.

"அத்தை, கப்பல்ல எப்படி மண்ணக் கொண்டு போறது?"

"நீயா செமக்கப் போற? கப்பல்லா செமக்கும்."

முப்பிடாதி சிரித்தாள். அத்தை அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

கப்பலிலாவது இரண்டு பேரும் ஒரு ஓரமாக உட்கார்ந்து பேசலாம் என்று நினைத்திருந்தாள். கப்பல் ராமேசுவரத்தை விட்டு நகர்ந்ததும் ஒருவர் வந்து, "தம்பி சங்கரன்கோவிலா? பேச்ச வச்சிக் கண்டுபிடிச்சிட்டேன்" என்றபடி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். திருவேங்கடத்து மூக்காண்டி அண்ணாச்சி. உளுந்து விலையில் ஆரம்பித்து, மழை பெய்யாத கரிசல், ஓடாத டவுன் பஸ், தன் மகன் கோயம்புத்தூரில் செய்கிற வேலை என்று அக்கரை வரும்வரை பேசினார். சங்கரபாண்டி பாதி தூரத்திலேயே தலை சுற்றி அவர் தோளில் சாய்ந்துவிட்டான். தன் புருஷன் முதன்முதலாகத் தலை சாய்த்தது மூக்காண்டி அண்ணாச்சியின் தோளில் என்பதை முப்பிடாதி கடலைப் பார்த்துக்கொண்டே பொறுத்துக்கொண்டாள்.

தலைமன்னார் சுங்கத்தில் ஒரு மெலிந்த அதிகாரி பையைத் திறந்து பார்த்து அப்படியே நின்றார்.

"என்ன இது?"

"மண்ணு."

"மண்ணோ? மண்ணை ஏன் கொண்டு வாறீங்கள்?"

சங்கரபாண்டி விளக்கினான். அதிகாரி நம்பவில்லை. ஒரு காகிதத்தை விரித்து மண்ணைக் கொட்டி, விரலால் கிளறி, மோந்தும் பார்த்தார். "உள்ளுக்கு என்ன இருக்குதெண்டு நிச்சயமாத் தெரியாவிட்டால் நாங்கள் எல்லாத்தையும் பிரிச்சுத்தான் பார்க்க வேணும். சட்டம் அப்படி" என்றார். மண்ணில் மண் மட்டும்தான் இருந்தது. கொழும்பு ரயிலைப் பிடிப்பதற்குள் அவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கொழும்பு ஸ்டேஷனில் ஆறுமுகச்சாமி மாலையோடு நின்றார்; முப்பிடாதிக்கு மாமா முறை. கூடவே அவர் மனைவி செல்வமணி அத்தை, அவர்களுடைய பெண்கள், மண்டிக் கணக்கப்பிள்ளை, நாலைந்து ஊர்க்காரர்கள். வீடு மண்டிக்கு மேலே இருந்தது. இரண்டே அறைகள். செல்வமணி அத்தை முப்பிடாதியின் பெட்டியைத் தூக்கி ஓர் அறையில் வைத்து, "நீ எங்க கூடப் படுத்துக்கோம்மா, பொம்பளப் பிள்ளைகளோட" என்றாள். மாமா சங்கரபாண்டியின் தோளில் கை போட்டு, "நீ கீழ வாடே. மண்டியில நம்ம பயலுகளோட படுத்துக்கோ. காத்து பிச்சிக்கிட்டு வரும்" என்றார். சங்கரபாண்டி அவளைப் பார்த்தான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சமாதானமாகி, அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே போய்விட்டான். மடையன்!

காசு மிச்சம் என்று போட்ட கணக்கில் அவன் ஒன்றை மறந்திருந்தான். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் விருந்து சாப்பிட வேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் வந்தால் அது மூன்று தலைமுறைப் பகை. சங்கரன்கோவிலில் அந்தச் சுற்றை ஒருவழியாக முடித்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள். கொழும்பில் அதே சுற்று புதிதாகத் தொடங்கியது. மத்தியானம் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. எல்லா வீட்டிலும் அதே அவியல், அதே சொதி, அதே பாயசம், அதே கேள்விகள்.

"ஊர்ல மழை உண்டுமா?"

"ஆடித்தபசுக்குக் கூட்டம் எப்படி?"

"உனக்கு இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியாம்மா?"

விசேஷமா? புருஷன் கீழே வத்தல் மூட்டைகளோடு படுக்கிறான், இவள் மேலே செல்வமணி அத்தையின் குறட்டையோடு படுக்கிறாள், விசேஷம் எங்கிருந்து வரும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாயசத்தைக் குடித்து அதையும் சேர்த்து விழுங்கினாள். கடல் கடந்து வந்து அவள் பார்த்ததெல்லாம் சங்கரன்கோவிலைத்தான். ஊரிலாவது எட்டு மணி நேரம் எக்சேஞ்சுக்குத் தப்பித்துப் போக முடியும்.

ஒருநாள் துணிந்து கீழே மண்டிக்கே போய்விட்டாள். மூட்டைகளுக்கு நடுவே இடுக்கில் அவன் நின்றிருந்தான். வேறு யாருமில்லை.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்…" என்று ஆரம்பித்தாள். வத்தல் நெடி ஏறித் தும்மல் வந்துவிட்டது. "என்னட்டி, சொல்…" என்றவனும் தும்மினான். அவள் ஒரு வார்த்தை சொல்ல, அவன் தும்ம, அவன் ஒரு வார்த்தை கேட்க, அவள் தும்ம, சத்தம் கேட்டுக் கணக்கப்பிள்ளை ஆளுக்கொரு தம்ளர் தண்ணீரோடு ஓடிவந்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

கடற்கரைக்காவது போகலாம் என்று கேட்டாள். "போயிருவோம்" என்றான். மாமாவிடம் சொன்னான். சொல்லியிருக்கவே கூடாது. மாமா வேன் பிடித்துவிட்டார். சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். காலிமுகக் கடற்கரையில் புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்தார்கள். ஆண்கள் எல்லாரும் முன்னால் வியாபாரம் பேசிக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் பின்னால். தூரத்தில் வெள்ளைச் சட்டைக் கூட்டத்தில் தன் புருஷன் முதுகு எது என்று தேடிக்கொண்டே முப்பிடாதி அந்தக் கடற்கரையைக் கடந்தாள். பக்கத்தில் ஒரு சிங்களத்து ஜோடி ஒரே குடைக்குள் உட்கார்ந்து கடலையைத் தின்றுகொண்டிருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னம்மா, கண்ணு கலங்கிருக்கு?" என்றாள் செல்வமணி அத்தை.

"காத்துல மணல் விழுந்துட்டு அத்தை."

"நல்லவேளை, புத்துமண்ணு வீட்ல இருக்கு."

புறப்படுகிற நாள் வந்தது. விருந்து போட்ட எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், கையில் ஆளுக்கொரு பார்சலோடு. அந்தச் சமயம் கொழும்பில் வெளிநாட்டுச் சாமான்கள் கொட்டிக் கிடந்தன. ஊரில் இருக்கிற அக்காவுக்கு, மச்சானுக்கு, பெரியப்பாவுக்கு என்று துணியில் பொதிந்து, கோணி ஊசியால் தைத்து, மேலே மையில் பேரும் ஊரும் எழுதியிருந்தார்கள். வாசுதேவநல்லூர், திருவேங்கடம், மேலநீலிதநல்லூர். சாப்பிட்ட வீட்டில் கொடுப்பதை மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முதல் ஆளிடம் சங்கரபாண்டி வாங்கிக்கொண்டான். அப்புறம் மற்றவர்களிடம் வாங்காமல் முடியுமா? இவர்களுடைய சொந்தத் துணி ஒரு பெட்டி. மற்றவர்கள் பார்சல் ஒரு வண்டி. ரயிலில் உட்காரவும் இடமில்லை. பார்சல்கள் சன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டன. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் மேலநீலிதநல்லூர்ப் பார்சல் மூக்காண்டி அண்ணாச்சியைப் போல உட்கார்ந்திருந்தது.

விடியும்போது தலைமன்னார். கப்பல் துறையில் நின்றது. அதில் ஏறினால் சாயங்காலம் ராமேசுவரம், மறுநாள் சங்கரன்கோவில், பலகைத் தடுப்பு, மாமனாரின் இருமல். அவ்வளவுதான், முடிந்தது ஹனிமூன். முப்பிடாதி நினைத்துப் பார்த்தாள். இனி இந்த ஆளோடு தனியாக ஒரு நாள் என்பது ஆயுசுக்கும் கிடையாது. பிள்ளை பிறக்கும், வளரும், கல்யாணம் ஆகும், இவன் எதைக் கண்டு சிரிப்பான் என்பதுகூடத் தெரியாமல் கிழவியாகிவிடுவாள்.

பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க சங்கரபாண்டி கடைசி ஜன்னலுக்குப் போயிருந்தான். சுங்க மேஜையில் அதே மெலிந்த அதிகாரி. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தார்.

"மண் கொண்டு வந்த ஆக்கள் அல்லோ! புதுசாக் கலியாணம் முடிச்ச பிள்ளையள். ஒண்டும் பிரிக்கத் தேவையில்லை. போங்கோ, கப்பல் வெளிக்கிடப் போகுது."

முப்பிடாதி கப்பலைப் பார்த்தாள். பார்சல்களைப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப மரியாதையாக, எக்சேஞ்சில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"ஐயா, இது ஒண்ணும் எங்க சாமான் இல்ல. மத்தவங்க குடுத்து விட்டது. உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "இப்படிச் சொல்லிப்போட்டியளே பிள்ளை" என்று முனகிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார்.

சங்கரபாண்டி திரும்பி வந்தபோது மேஜை முழுக்க ஊர்ச் சாமான். நைலான் சேலைகள், வாசனைச் சோப்பு, டார்ச் லைட், கிராம்பு, கறுவாப்பட்டை, யாரோ ஒரு கிழவருக்குப் பல் செட், மேலநீலிதநல்லூர்ப் பெரியப்பாவுக்குப் பெரிய பிஸ்கட் டின். அவன் கெஞ்சினான், கும்பிட்டான், கப்பலைக் காட்டிக் கத்தினான். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எழுதி, ஓரமாக வைத்தார். தடை செய்த பொருள் எதுவும் இல்லை. பல் செட்டைக் கீழே வைத்தபோது கப்பல் ஊதியது. அடுத்த கப்பல் நாளை மறுநாள்.

தலைமன்னாரில் என்ன இருக்கிறது? ஒரு துறை, ஒரு ஸ்டேஷன், பனைகள், மணல், மணலில் நாலு கழுதை. துறைக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் பாதுஷா பின்பக்கத்து அறையைக் காட்டி, "இருந்துட்டுப் போங்க" என்றார். எந்த ஊர், யார் மகன், மழை உண்டா, விசேஷம் உண்டா என்று எதையும் அவர் கேட்கவில்லை. "பிளேன்டீயா, பால்டீயா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக முப்பிடாதி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள்.

சங்கரபாண்டி கடற்கரையில் போய் உட்கார்ந்தான். அவளும் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை.

"எவன் அந்த ஆளுகிட்டப் பிரிக்கச் சொன்னான்?" என்று அவன் கடலிடம் கேட்டான்.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"உனக்குப் பைத்தியமாட்டி?"

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது. "ஆமா, பைத்தியம்தான். ஹனிமூனுன்னு கூட்டிட்டு வந்து சின்னத்தை கூடப் படுக்க வச்சீங்கல்லா, அதுல புடிச்ச பைத்தியம். பாயச் சுருட்டிட்டு ஒரு பேச்சுப் பேசாமக் கீழ போனீங்கல்லா, அதுல புடிச்சது. லாட்ஜிக் காச மிச்சம் புடிச்சீங்களே, பொண்டாட்டிகூட ஒரு நேரம் பேச முடிஞ்சுதா உங்களுக்கு? எனக்கு என்ன புடிக்கும்னாவது தெரியுமா?"

"எப்படிட்டி தெரியும்? என்னத்தக் கேட்டாலும் சிரிக்க. நீ சந்தோசமா இருக்கன்னு நான் நெனச்சேன்."

"கோவத்துலல்லா சிரிச்சேன்!"

"அத யாரு கண்டா? கோவம்னா மனுசன் கத்துவான்."

"எங்க போயிக் கத்த? உங்க வீட்லயா?"

அவனும் விடவில்லை. மண்டியில் பெருச்சாளி காலைக் கடித்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் படுத்திருந்தது, சித்தப்பாவிடம் எதிர்த்துப் பேச வாய் வராதது, சின்ன வயசிலிருந்தே அவனுக்குப் பெரியவர்கள் முன்னால் வாய் வராது என்பது, எல்லாவற்றையும் கத்தினான். அவள் பதிலுக்குக் கத்தினாள். தறிச் சத்தம் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. சமாதானம் பண்ண ஒருவரும் ஓடி வரவில்லை. அவர்களுக்கு அதுதான் முதல் சண்டை. வெயில் ஏறும்வரை, தொண்டை கட்டும்வரை போட்டார்கள். கழுதைகள்கூட எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தன.

கடைசியில் அவன் எழுந்து விறுவிறுவென்று டீக்கடைக்குப் போனான். போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். திரும்பி வந்தபோது அவன் கையில் மேலநீலிதநல்லூர்ப் பெரியப்பாவின் பிஸ்கட் டின் இருந்தது.

"சாப்பாட்டுக்குக் கையில காசு இல்ல" என்று சொல்லி மூடியை நெம்பினான். "பசிக்கி. தின்னு."

தின்றார்கள். நல்ல கிரீம் பிஸ்கட். நாலைந்து பிஸ்கட் உள்ளே போனதும் அவன் யோசனையாகச் சொன்னான்.

"ஏட்டி, இந்தப் புத்தி உனக்கு வரும்போதே இருந்திருந்தா, அந்த மண்ணு மூட்டையச் சாக்கா வச்சி இங்கனயே இருந்திருக்கலாம்லா. கொழும்புக்கே போயிருக்க வேண்டாமே."

அடுத்த கப்பல் வரும்வரை டின்னில் இருந்த பிஸ்கட் தாங்கியது. அவனுக்குப் பால்டீயில் ஆடை பிடிக்காது, கடலைக் கண்டால் பயம், பழைய பாட்டுகளைத் தப்பாகப் பாடுவான், கழுதையைக் கண்டால் சிரிப்பான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் பார்சல் பஞ்சாயத்து தொடங்கியது. தையல் பிரிந்திருப்பதைப் பார்த்து வந்தவர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். மேலநீலிதநல்லூரிலிருந்து பெரியப்பா வெள்ளத்துரை தானே பஸ் ஏறி வந்துவிட்டார். கொழும்பிலிருந்து கடிதம் போட்டிருந்தார்கள், டின் ஒன்று வருகிறதென்று. பெரியவர் வந்தால் தறியை நிறுத்துவது அந்த வீட்டு மரியாதை. நிறுத்தினார்கள். வீடு முழுக்கக் காது.

"டின்னு எங்க?" என்றார்.

முருகம்மாள் மருமகளைப் பார்த்தாள். "நீதான சாமானப் பாத்துக்கிட்ட? புதுசா வந்தவகிட்டப் பொறுப்பக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

கொழுந்தன்மார் பார்த்தார்கள். மாமனார் இருமினார். முப்பிடாதிக்கு வழக்கமான அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வந்துவிட்டது. சங்கரபாண்டி அதைப் பார்த்தான். இந்த முறை அதை அவன் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. நூல் கண்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றான். பெரியவர்கள் முன்னால் வாய் வராதவன் பேசினான்.

"அத நாங்கதான் தின்னோம் பெரியப்பா. தலைமன்னார்ல, கடக்கரையில உக்காந்து. அவளச் சொல்லாதீங்க. டின்ன ஒடச்சது நான்தான்."

முருகம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். முப்பிடாதி சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தறிக்கட்டு முழுக்கக் கேட்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏட்டி, இதுக்குப்போயி இம்புட்டுக் கோவமா?" என்று அவளிடம் மெல்லக் கேட்டுவிட்டு, சங்கரபாண்டி போய்த் தறியை ஓட்டினான்.